டேட்டா எங்கும் போகாது: டேட்டாபேஸ் கிளையன்ட் மாற்றும்போது உண்மையில் மாறுவது என்ன?

“டேட்டாபேஸை வேற சாஃப்ட்வேருக்கு மாத்தப் போறீங்களே, கணக்கு எதுவும் போயிடாதே?” அரிசி ஆலையோ விதைக்கடையோ கல்லூரி அலுவலகமோ, கணினி மாற்றும் நாளில் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். கேட்பவரின் பயம் நியாயமானது. குறுவை, சம்பா இரண்டு பருவத்து நெல் வரவும் அந்தத் திரைக்குள்தான் இருக்கிறது என்று அவர் நினைக்கிறார். ஆனால் மாறப்போவது டேட்டாபேஸ் இல்லை. அதை எட்டிப் பார்க்கும் ஆப் மட்டும்தான்.

இதற்கு நேர் எதிரான பிசகும் ஒன்று உண்டு, ஆபத்து அதில்தான் அதிகம். ஆப்பின் ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, “பேக்கப் எடுத்தாச்சு” என்று பழைய கணினியை ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். டேட்டாபேஸும் அதே கணினியில் ஓடிக்கொண்டிருந்தால் மொத்தக் கணக்கும் அதோடு அழிந்துவிடும். பென்டிரைவில் மிஞ்சுவது வெறும் முகவரிப் பட்டியல்.

இந்த இரண்டு பிசகுக்கும் வேர் ஒன்றுதான். கிளையன்ட் வேறு, சர்வர் வேறு என்பது மனதில் படியாததால் வருவது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஆறும் லஸ்கரும்

டெல்டாவில் இருப்பவருக்கு இதை விளக்க வாய்க்கால் கரையே போதும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. அங்கிருந்து கிளை ஆறு, வாய்க்கால், மடை என்று இறங்கி வயலுக்கு வருகிறது. வழியில் உள்ள மதகுகளில் ஷட்டரை ஏற்றி இறக்குபவர் லஸ்கர். அவர் மாற்றலாகிப் போனால் ஆறு கூடவே போவதில்லை. தண்ணீர் இருந்த இடத்தில்தான் இருக்கும். புதிதாக வருகிறவரிடம் பழையவர் ஒப்படைக்க வேண்டியவை மூன்று: எந்த வாய்க்கால் எங்கே பிரிகிறது என்ற விவரம், ஷட்டர் சாவி, எப்போது எவ்வளவு திறப்பது என்ற பழக்கம்.

தண்ணீர் இருக்கும் இடம்தான் சர்வர். டேட்டாவை வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு எடுத்துத் தரும் மென்பொருள் அது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள் எல்லாம் சர்வர்கள். லஸ்கரின் இடத்தில் இருப்பது கிளையன்ட். சர்வரோடு பேசி, கேள்வி அனுப்பி, பதிலைத் திரையில் காட்டும் ஆப். டிபீவர், பிஜிஅட்மின், மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச், ஹெய்டிஎஸ்கியூஎல், டேட்டாகிரிப், எஸ்கியூஎல் டெவலப்பர் எல்லாம் கிளையன்ட்கள்.

புதிய கிளையன்ட்டுக்கு மாறும்போதும் ஒப்படைக்க வேண்டியவை அதே மூன்றுதான். முகவரிகள், ரகசியங்கள், பழக்கங்கள். முகவரியை எல்லோரும் மாற்றுகிறார்கள். ரகசியம் வராமல் நின்றதும் திகைக்கிறார்கள். பழக்கத்தை மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதே இல்லை. பெரிய சேதம் வருவதோ அந்த மூன்றாவதில்.

ஒரு கனெக்‌ஷனைப் பிரித்துப் பார்த்தால்

கிளையன்ட்டின் இடப்பக்கத்தில் “ஆலை கணக்கு”, “திருவாரூர் கிடங்கு” என்று வரிசையாகத் தெரிபவை சேமித்த கனெக்‌ஷன்கள். அதில் ஒன்றைத் திறந்தால் உள்ளே இருப்பது சில வரிகள்தான்.

முதலில் ஹோஸ்ட், அதாவது சர்வர் ஓடும் கணினியின் பெயர் அல்லது எண் முகவரி. 192.168.1.20 என்பது போல இருக்கும். அடுத்தது போர்ட். ஒரே கணினியில் பல சேவைகள் ஓடும், அவற்றில் எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்லும் எண் அது. போஸ்ட்கிரெஸுக்கு வழக்கமாக 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, எஸ்கியூஎல் சர்வருக்கு 1433, ஆரக்கிளுக்கு 1521. பிறகு டேட்டாபேஸின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்ட். இவற்றோடு டிரைவர் ஒன்றும் சேரும். குறிப்பிட்ட வகை சர்வரின் மொழியைக் கிளையன்ட்டுக்குப் பேசத் தெரியவைக்கும் சிறு நிரல் அது.

இந்த இடத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. ஹோஸ்ட் என்ற இடத்தில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ அல்லது 127.0.0.1 என்று இருந்தால் அதன் பொருள் “இதே கணினி”. பழைய கணினியில் அது பழைய கணினியைக் குறித்தது. புதிய கணினிக்கு நகர்த்தியதும் புதிய கணினியைக் குறிக்கும், அங்கே சர்வரே இருக்காது. வரி ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் பொருள் மாறிவிட்டது. ஆகவே மாற்றத்தைத் தொடங்கும் முன் ஒவ்வொரு கனெக்‌ஷனின் ஹோஸ்ட்டையும் பாருங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தால், டேட்டாவே அந்தக் கணினியில் இருக்கலாம். அப்படியானால் கிளையன்ட் மாற்றத்தோடு வேலை முடியாது. போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜி-டம்ப், மைஎஸ்கியூஎல் என்றால் மைஎஸ்கியூஎல்-டம்ப் கொண்டு டேட்டாவைத் தனியாக எடுத்து, புதிய இடத்தில் ஏற்றிப் பார்த்த பிறகே பழைய கணினியில் கை வைக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கனெக்‌ஷன் என்பது டேட்டா இல்லை, டேட்டா இருக்கும் இடத்தின் முகவரி. அந்த முகவரி வேறு இடமா, இதே கணினியா என்பதே முதல் கேள்வி.

பழைய ஆப் இதை எங்கே வைத்திருக்கிறது

ஒவ்வொரு கிளையன்ட்டும் ஒவ்வொரு இடத்தில் வைக்கும். ஆப்பை நிறுவிய ஃபோல்டரில் தேடினால் கிடைக்காது. பயனரின் சொந்த ஃபோல்டருக்குள்தான் இருக்கும்.

டிபீவர், ‘டிபீவர்டேட்டா’ என்ற ஃபோல்டருக்குள் ‘வொர்க்ஸ்பேஸ்6’ என்று ஒன்றை வைத்திருக்கும். அதற்குள் ‘ஜெனரல்’, அதற்குள் புள்ளியில் தொடங்கும் ‘.டிபீவர்’. முகவரிகள் ‘டேட்டா-சோர்சஸ்’ என்ற ஜேசன் கோப்பிலும், பாஸ்வேர்டுகள் ‘கிரெடென்ஷியல்ஸ்-கான்ஃபிக்’ என்ற வேறு கோப்பிலும் இருக்கும். புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர் லினக்ஸிலும் மேக்கிலும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணில் பட்டதை மட்டும் நகலெடுப்பவருக்கு எஸ்கியூஎல் ஸ்கிரிப்ட்கள், அதாவது டேட்டாபேஸ் மொழியில் எழுதி வைத்த கேள்விகள், வந்து சேரும், கனெக்‌ஷன் ஒன்றுகூட வராது.

மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச் ‘கனெக்‌ஷன்ஸ்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் வைக்கிறது. ஃபோல்டரைத் தோண்ட வேண்டியதில்லை. டூல்ஸ் மெனுவில் கான்ஃபிகரேஷன் என்பதற்குள் ‘பேக்கப் கனெக்‌ஷன்ஸ்’ இருக்கிறது, ஒரு ஜிப் கோப்பாகத் தரும். ‘ரீஸ்டோர் கனெக்‌ஷன்ஸ்’ அதன் பக்கத்திலேயே உண்டு. பிஜிஅட்மின் தனக்கென ஒரு சின்ன எஸ்கியூலைட் கோப்பு வைத்திருக்கிறது. டூல்ஸ் மெனுவில் உள்ள ‘இம்போர்ட்/எக்ஸ்போர்ட் சர்வர்ஸ்’ அதிலிருந்து ஜேசன் கோப்பாக எடுத்துத் தரும். ஹெய்டிஎஸ்கியூஎல், விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கிறது. அதனால் ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடினாலும் அகப்படாது. ஃபைல் மெனுவில் செட்டிங்ஸை எக்ஸ்போர்ட் செய்யும் வழி இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

ஒரே ஆப்பைப் புதிய கணினியில் நிறுவுகிறீர்கள் என்றால் இது போதும். ஆனால் ஒரு ஆப்பிலிருந்து வேறொரு ஆப்புக்கு மாறும்போது ஒன்றின் கோப்பை மற்றொன்று அப்படியே படித்துவிடும் என்று நம்ப முடியாது. டிபீவரின் இம்போர்ட் மெனுவில் பிற ஆப்களின் கோப்புகளைப் படிக்க ஒரு பகுதி இருக்கிறது, சிஎஸ்வி அட்டவணையையும் அது ஏற்கும். கனெக்‌ஷன் பத்துக்குள் இருந்தால் இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கையால் அடித்துவிடுங்கள். ஐந்து வரி அடிக்க இரண்டு நிமிடம் ஆகும். அடிக்கும்போதே, இரண்டு வருடமாக யாரும் தொடாத கனெக்‌ஷன் எது, எதற்கு இன்னும் வைத்திருக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

பாஸ்வேர்ட் ஏன் கூட வருவதில்லை

எக்ஸ்போர்ட் செய்தாயிற்று, புதிய இடத்தில் இம்போர்ட்டும் ஆயிற்று. பெயர்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஒன்றைத் தட்டினால் பாஸ்வேர்ட் கேட்கிறது. “எக்ஸ்போர்ட் சரியாகவில்லை” என்று மறுபடி மறுபடி செய்து பார்ப்பவர்கள் உண்டு. அது பழுது இல்லை. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

பிஜிஅட்மின் எக்ஸ்போர்ட் செய்யும் கோப்பில் பாஸ்வேர்ட் இருக்கவே இருக்காது. வொர்க்பெஞ்ச், விண்டோஸில் பாஸ்வேர்டைப் பூட்டும் வேலையை விண்டோஸிடமே ஒப்படைக்கிறது. அந்தப் பூட்டு உங்கள் பயனர் கணக்கோடு கட்டப்பட்டது. கோப்பைத் தூக்கிக்கொண்டு வேறு கணினிக்குப் போனால் திறக்காது. மேக்கில் கீச்செயின், லினக்ஸில் கீரிங் இதே வேலையைச் செய்கின்றன. லஸ்கர் தன் குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம், சாவியை அந்த நோட்டுக்குள் ஒட்டிவைத்துக் கொடுக்க மாட்டார்.

சில ஆப்களில் பாஸ்வேர்டும் கூடவே வரும், அதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். டிபீவர் பாஸ்வேர்டுகளைப் பூட்டித்தான் வைக்கிறது, ஆனால் இயல்பு நிலையில் அந்தப் பூட்டின் சாவி எல்லாக் கணினியிலும் ஒன்றே, நிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஃபோல்டரை எடுத்துச் சென்றால் புதிய இடத்தில் அப்படியே வேலை செய்வது அதனால்தான். அதே காரணத்தால், அந்த ஃபோல்டர் யார் கையில் கிடைத்தாலும் அவர் அதைத் திறந்துவிடலாம். ஹெய்டிஎஸ்கியூஎல்லின் செட்டிங்ஸ் கோப்பில் பாஸ்வேர்ட் ஒவ்வொரு எழுத்தின் குறியீட்டையும் சற்று நகர்த்தி மறைத்து வைத்தது போலத்தான் இருக்கும், திருப்பி எடுப்பது கடினமில்லை. இப்படிப்பட்ட கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வது, பொது மின்னஞ்சலில் போட்டு வைப்பது, ஜெராக்ஸ் கடைக் கணினியில் செருகிய பென்டிரைவில் வைத்திருப்பது எல்லாம் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுப்பதற்குச் சமம். மாற்றி முடித்ததும் அந்த நகலை அழியுங்கள். அது கைமாறிவிட்டது என்ற சந்தேகம் இருந்தால் சர்வரில் பாஸ்வேர்டையே மாற்றிவிடுங்கள்.

பாஸ்வேர்ட் யாருக்குமே நினைவில் இல்லை, பழைய ஆப் மட்டும் எப்படியோ உள்ளே போகிறது என்ற நிலைமை அலுவலகங்களில் சகஜம். பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே சர்வர் நிர்வாகியிடம் சொல்லிப் புதிய பாஸ்வேர்ட் வாங்கிவிடுங்கள். அதே டேட்டாபேஸில் வேறு ஏதாவது பில்லிங் நிரல் அந்தப் பயனர் பெயரையே பயன்படுத்துகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். விசாரிக்காமல் மாற்றினால் மறுநாள் காலை கவுண்டரில் பில் போடுவது நின்றுபோகும்.

சுருக்கமாக: முகவரி கோப்பில் போகும், ரகசியம் கையில் போக வேண்டும். கோப்பிலேயே போகிறது என்றால் அந்தக் கோப்பைப் பாஸ்வேர்டாகவே நடத்துங்கள்.

கனெக்ட் ஆகவில்லை என்றால் எங்கே தடை

பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடிவிடுவதால்தான் பாதி நேரம் வீணாகிறது. செய்தி ஒவ்வொன்றும் எந்த மதகில் தண்ணீர் நின்றது என்று சொல்கிறது.

‘டைம்டு அவுட்’ என்றால் போன செய்திக்குப் பதிலே இல்லை. பெரும்பாலும் யாரை உள்ளே விடுவது என்று வடிகட்டும் ஃபயர்வால் தடுக்கிறது. கிளவுட் சர்வர் என்றால் பழைய இணைப்பின் எண் முகவரியை மட்டும் உள்ளே விடும்படி வைத்திருப்பார்கள், புதியதையும் பட்டியலில் சேர்க்கச் சொல்ல வேண்டும். ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் அந்தக் கணினி வரை போய்விட்டீர்கள், ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை. போர்ட் எண் தப்பு, அல்லது சர்வர் ஓடவில்லை, அல்லது முன்பே சொன்ன லோக்கல்ஹோஸ்ட் பொறி. ‘ஆக்சஸ் டினைடு’ என்று 1045 எண்ணோடு மைஎஸ்கியூஎல் சொன்னால் வாசல் வரை சரி, பயனர் பெயரோ பாஸ்வேர்டோதான் சேரவில்லை. ஒரு விஷயம் இங்கே கவனிக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் அனுமதி ஆளுக்கு மட்டும் தரப்படுவதில்லை, “இந்த ஆள், இந்த இடத்திலிருந்து” என்று சேர்த்தே தரப்படுகிறது. அதனால் சரியான பாஸ்வேர்ட் போட்டாலும் புதிய கணினியிலிருந்து மறுக்கப்படலாம்.

டிரைவர் சார்ந்த தொல்லை வேறு வகை. மைஎஸ்கியூஎல் 8.0, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையை மாற்றியது. பழைய டிரைவருக்கு அது தெரியாது. புதிய ஜாவா டிரைவரோ சில அமைப்புகளில் ‘பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலவ்டு’ என்று நிற்கும். டிபீவரில் கனெக்‌ஷனின் டிரைவர் பிராப்பர்ட்டீஸ் பகுதியில் ‘அலவ் பப்ளிக் கீ ரிட்ரீவல்’ என்பதை ட்ரூ ஆக்கினால் போகும். ஆனால் என்கிரிப்ஷன் இல்லாத வெளி இணைப்பில் அதைச் செய்ய வேண்டாம், இணைப்பில் போகும் டேட்டாவைப் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்எல்லை முதலில் போடுங்கள். போஸ்ட்கிரெஸ் 14-இலிருந்து புதிதாக வைக்கும் பாஸ்வேர்டுகள் வேறு முறையில் சேமிக்கப்படுகின்றன. பழைய டிரைவர் அங்கே ‘ஆதென்டிகேஷன் டைப் 10’ தெரியாது என்று சொல்லும். பழைய டிரைவரால் வரும் இந்த இரண்டு தொல்லைக்கும் மருந்து டிரைவரைப் புதுப்பிப்பதுதான். சர்வரில் பழைய முறைக்குத் திரும்பிப் போகச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம். டிபீவர் முதல் தடவை டிரைவரை இணையத்திலிருந்து இறக்கும். இணையம் இல்லாத அலுவலகக் கணினி என்றால் டிரைவர் கோப்பை முன்பே எடுத்துப் போங்கள்.

அடுத்தது டன்னல். சில சர்வர்களை வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாது. முதலில் வெளிவாசலில் உள்ள ஒரு கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான வழியில் போய், அங்கிருந்து உள்ளே போக வேண்டும். இந்த இரண்டு கட்டப் பாதைக்குப் பெயர் டன்னல். தண்ணீர் கல்லணையைத் தாண்டாமல் வெண்ணாற்றுக்கு வராதது போல. டன்னல் உள்ள கனெக்‌ஷனில் இரண்டு ஹோஸ்ட் இருக்கும். வெளிவாசல் கணினியின் முகவரி ஒன்று, டேட்டாபேஸின் முகவரி இன்னொன்று. இரண்டாவது, வெளிவாசல் கணினி நின்று பார்க்கும் கோணத்தில் எழுதப்பட வேண்டும். அங்கே 127.0.0.1 என்று இருந்தால் அது வெளிவாசல் கணினியைத்தான் குறிக்கிறது, உங்கள் கணினியை அல்ல. “இதென்ன தப்பான முகவரி” என்று திருத்திவிடாதீர்கள்.

டன்னலுக்குச் சாவிக் கோப்பு ஒன்று தேவைப்படும். கனெக்‌ஷனில் பதிவாவது அந்தக் கோப்பு இருக்கும் பாதை மட்டும், கோப்பு இல்லை. பழைய பயனர் பெயரோடு எழுதிய பாதை புதிய கணினியில் இருக்காது. கோப்பைத் தனியாக எடுத்து வந்து பாதையைத் திருத்த வேண்டும். ஹெய்டிஎஸ்கியூஎல்லோடு பழகியவர்களின் சாவி பெரும்பாலும் புட்டி என்ற எஸ்எஸ்ஹெச் ஆப்பின் வகையில், பிபிகே என்று முடியும் கோப்பாக இருக்கும். பல கிளையன்ட்கள் கேட்பதோ ஓப்பன்எஸ்எஸ்ஹெச் வகை. புட்டிஜென் என்ற சிறு ஆப்பில் அந்தக் கோப்பைத் திறந்து, கன்வர்ஷன்ஸ் மெனுவில் ‘எக்ஸ்போர்ட் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் கீ’ கொடுத்தால் மாறிவிடும். லினக்ஸில் அந்தக் கோப்பின் அனுமதியை 600 ஆக்க வேண்டும், அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம் என்று. இல்லாவிட்டால் எஸ்எஸ்ஹெச் அதைத் தொடவே மறுக்கும்.

எஸ்எஸ்எல் சான்றிதழ் கோப்புக்கும் இதே கதைதான். கோப்பு காணவில்லை என்றதும் எஸ்எஸ்எல்லை ‘டிஸேபிள்’ செய்து வேலையை முடிப்பவர்கள் பலர். கனெக்ட் ஆகிவிடும், பாதுகாப்புதான் போய்விடும். பிறகு யாரும் அதைத் திரும்பப் போடுவதும் இல்லை.

பழக்கங்கள்: சேதம் வரும் இடம்

கனெக்ட் ஆனதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். உண்மையில் கவனம் இங்கேதான் தேவை. இரண்டு ஆப்களும் ஒரே டேட்டாபேஸைக் காட்டினாலும், ஒரே பொத்தானுக்கு இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

முதலில் ஆட்டோ கமிட். நீங்கள் செய்த மாற்றத்தை டேட்டாபேஸ் நிரந்தரமாக ஏற்றுக்கொள்வதற்குப் பெயர் கமிட். அதற்கு முன் ‘ரோல்பேக்’ கொடுத்தால் மாற்றம் ரத்தாகும். ஆட்டோ கமிட் என்றால் ஒவ்வொரு கட்டளையும் அப்போதைக்கப்போதே கமிட் ஆகிவிடும். எஸ்கியூஎல் டெவலப்பரில் இது இயல்பாகவே அணைந்திருக்கும். டிபீவரில் இயல்பாகவே எரிந்திருக்கும். பல வருடம் முதல் ஆப்பில் பழகியவர், தப்பாக அப்டேட் செய்தால் ரோல்பேக் செய்துகொள்ளலாம் என்ற துணிச்சலில் கை வைப்பார். புதிய ஆப்பில் ரோல்பேக் கொடுக்கும்போது ரத்து செய்ய எதுவும் மிச்சமிருக்காது. டிபீவரில் மேல்பட்டையில் ‘ஆட்டோ’ என்று இருப்பதை ‘மேனுவல்’ ஆக்கலாம். கனெக்‌ஷனின் வகையை ‘புரொடக்‌ஷன்’ என்று குறித்துவிடுவது இன்னும் நல்லது. அந்தத் திரை சிவப்பு நிறத்தில் தெரியும்.

மறுபுறம் போகிறவருக்கு வேறு தொல்லை. ஆட்டோ கமிட் பழக்கத்தோடு மேனுவல் ஆப்புக்குள் வந்தவர், அப்டேட் கொடுத்துவிட்டுக் கமிட் செய்யாமல் சாப்பிடப் போய்விடுவார். அவர் திரையில் மாறியது போலத் தெரியும், மற்றவருக்குப் பழைய விலையே தெரியும். அதோடு அந்த வரிசை பூட்டப்பட்டு நிற்கும். மைஎஸ்கியூஎல்லில் அதே வரிசையைத் தொட முயலும் கவுண்டர் ஊழியருக்கு 50 விநாடி உறைந்து நின்று, பிறகு 1205 என்ற பிழை வரும். சர்வர் பழுது என்று ஆளைக் கூப்பிடுவார்கள்.

அடுத்தது வொர்க்பெஞ்சின் ‘சேஃப் அப்டேட்ஸ்’. எந்த வரிசைகளை மாற்றுவது என்று சொல்லும் ‘வேர்’ (WHERE) நிபந்தனை இல்லாமலோ, வரிசையை அடையாளம் காட்டும் கீ இல்லாத பத்தியை வைத்தோ அப்டேட்டோ டெலிட்டோ கொடுத்தால் 1175 என்ற பிழையோடு அது நிறுத்திவிடும். இது இயல்பாகவே போடப்பட்டிருப்பதால், சர்வரே தடுக்கிறது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சர்வர் தடுக்கவில்லை. அப்படித் தடுக்கும்படி கனெக்ட் ஆகும்போதே கேட்டுக்கொள்வது அந்த ஆப். வேறு ஆப்பில் அப்படிக் கேட்பவர் இல்லை. “சி.ஆர். 1009 ரகத்துக்கு மட்டும் ஈரப்பதத்தைத் திருத்து” என்று எழுத வந்தவர் நிபந்தனை வரியைத் தேர்ந்தெடுக்காமல் மேல் வரியை மட்டும் ஓட்டிவிட்டால், ஆடுதுறை ரகம் உட்பட எல்லா மூட்டைக்கும் ஒரே ஈரப்பதம் விழும். மைஎஸ்கியூஎல்லில் ‘எஸ்கியூஎல்_சேஃப்_அப்டேட்ஸ்’ என்பதை 1 ஆக்கும் வரியைப் புதிய ஆப்பில், கனெக்ட் ஆனதும் ஓட வேண்டிய தொடக்கக் கட்டளையாக எழுதி வைத்தால் அந்தத் தடுப்பு திரும்பக் கிடைக்கும்.

“டேட்டா குறைஞ்சிருக்கு” என்ற புகாரும் வரும். வொர்க்பெஞ்ச் இயல்பாக 1000 வரிசை காட்டும், டிபீவர் முதலில் 200 மட்டும் எடுத்துவந்து, கீழே இறங்க இறங்க மீதியைக் கொண்டுவரும். 640 வரவுச் சீட்டு இருந்த இடத்தில் 200 தெரிந்ததும் மனது பதறுகிறது. எண்ணிக்கை தெரிய வேண்டுமானால் கவுண்ட் போட்டுக் கேளுங்கள், திரையை எண்ண வேண்டாம். வொர்க்பெஞ்சில் திரையில் வந்த முடிவை எக்ஸ்போர்ட் செய்தால் அந்த 1000-க்கு மேல் கோப்பில் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய அறிக்கைகளே குறையாக இருந்திருக்கலாம்.

நேரக் கணக்கு இன்னொன்று. போஸ்ட்கிரெஸில் நேர மண்டலத்தோடு சேமித்த நேரத்தைப் பார்ப்பவரின் மண்டலத்துக்கு மாற்றிக் காட்டுவது வழக்கம். அந்த மண்டலம் எது என்பதில் கிளையன்ட்கள் வேறுபடும். டிபீவர் உங்கள் கணினியின் நேரத்தை எடுக்கும், பிஜிஅட்மின் சர்வரில் வைத்ததை எடுக்கும். சர்வர் உலகப் பொது நேரமான யுடிசியில் இருந்தால் வித்தியாசம் 5 மணி 30 நிமிடம். அறுவடைக் காலத்தில் ராத்திரி 2 மணிக்கு வந்து இறங்கிய லோடு, யுடிசி கணக்கில் முந்தைய நாள் இரவு 8:30-க்கு வந்ததாகத் தெரியும். தேதி வாரியாகக் கூட்டினால் இரண்டு நாளின் மொத்தமும் மாறும். மூட்டை எதுவும் காணாமல் போயிருக்காது, தேதிதான் நகர்ந்திருக்கும்.

தமிழ்ப் பெயர்கள் உடைந்து தெரிந்தால்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. விவசாயி பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் தமிழில் வைத்திருக்கும் அலுவலகங்களில் இது முதல் நாளே வரும், அவசரத்தில் செய்யும் “திருத்தம்” நிரந்தரச் சேதமாகிவிடும்.

உடைசல் மூன்று விதம். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் டேட்டா நன்றாக இருக்கிறது, ஆப்பின் அட்டவணைக்குத் தமிழ் எழுத்துரு இல்லை. அதை மாற்றினால் போதும். மேற்கத்திய எழுத்துகள் கொத்தாகத் தெரிந்தால், ஒரு தமிழ் எழுத்துக்குரிய மூன்று பைட்டை ஆப் மூன்று தனி எழுத்தாகப் படிக்கிறது என்று பொருள் கொள்ளலாம். கனெக்‌ஷனின் எழுத்துக் குறியீட்டை யுடிஎஃப்8எம்பி4 ஆக்கிப் பாருங்கள். கேள்விக்குறிகளாகத் தெரிந்தால்தான் கவலை. மைஎஸ்கியூஎல்லில் அந்தப் பத்தியை ‘ஹெக்ஸ்’ என்ற ஃபங்ஷனில் போட்டுப் பாருங்கள். வரிசையாக 3எஃப் 3எஃப் என்று வந்தால் கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டது, பேக்கப்பில் இருந்துதான் மீட்க முடியும். வேறு எண்கள் வந்தால் எழுத்து உள்ளே இன்னும் அழியவில்லை, பெரும்பாலும் காட்டுவதில்தான் கோளாறு.

எந்த விதமானாலும், காரணம் தெரியும் வரை அந்தத் திரையில் எதையும் அடித்துச் சேமிக்காதீர்கள். தப்பான குறியீட்டில் அடிக்கும் ஒவ்வொரு பெயரும் தப்பாகவே உள்ளே போகும்.

மாற்றும் நாளில்

பழைய ஆப்பை முழுவதும் மூடிவிட்டுத்தான் அதன் கோப்புகளை நகலெடுக்க வேண்டும். ஓடும்போது எடுத்தால் பாதி எழுதிய கோப்பு வந்துவிடும். கனெக்‌ஷன்களோடு ஸ்கிரிப்ட்களையும் மறக்காமல் எடுங்கள். டிபீவரில் அவை அதே ‘ஜெனரல்’ ஃபோல்டருக்குள் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ என்று இருக்கும். மாதக் கடைசி அறிக்கைக்கான நீண்ட எஸ்கியூஎல், வேறு எங்கும் சேமிக்காமல் ஆப்பின் ஒரு தாவலில் மட்டும் வாழ்ந்துகொண்டிருக்கும். அப்படித் திறந்து கிடக்கும் தாவல்கள் ஒவ்வொன்றையும் பெயர் கொடுத்துக் கோப்பாகச் சேமியுங்கள்.

புதிய ஆப்பில் இம்போர்ட் ஆனதும், கனெக்ட் செய்வதற்கு முன்பே, உண்மைக் கணக்கு உள்ள கனெக்‌ஷன்களுக்கு ‘ரீட்-ஒன்லி’ என்ற குறியைப் போடுங்கள். வாய்ப்பிருந்தால் சிவப்பு நிறமும் கொடுங்கள். பழைய ஆப்பில் வைத்த நிறங்கள் கூட வராது. ஒத்திகை டேட்டாபேஸும் உண்மை டேட்டாபேஸும் ஒரே வெள்ளையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போதுதான் கை மாறிப் படுகிறது.

பிறகு ஒவ்வொன்றையும் திறந்து, எங்கே வந்திருக்கிறோம் என்று சர்வரையே கேளுங்கள். மைஎஸ்கியூஎல் என்றால் செலக்ட் @@ஹோஸ்ட்நேம். போஸ்ட்கிரெஸ் என்றால் செலக்ட் இனெட்_சர்வர்_ஆடர்() என்பது சர்வரின் எண் முகவரியைச் சொல்லும். கனெக்‌ஷனுக்கு நீங்கள் வைத்த பெயர் சாட்சி ஆகாது. ஒரே கேள்வியைப் பழைய ஆப்பிலும் புதிய ஆப்பிலும் ஓட்டி, எண்ணிக்கை, ஒரு தமிழ்ப் பெயர், ஒரு நேரம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போன கனெக்‌ஷனில் மட்டும் ரீட்-ஒன்லியை எடுங்கள்.

பழைய ஆப்பை ஒரு மாதமாவது வைத்திருங்கள். மாதக் கடைசியில் மட்டும் திறக்கும் கனெக்‌ஷன் ஒன்று கட்டாயம் இருக்கும், அதன் பாஸ்வேர்ட் பழைய கணினியில் மட்டும்தான் இருக்கும். எல்லாம் சரியானபின் நீக்கும்போது, ஆப்பை அன்-இன்ஸ்டால் செய்தாலும் பயனர் ஃபோல்டரில் உள்ள கனெக்‌ஷன் கோப்புகள் அப்படியே தங்கிவிடும் என்பதைக் கவனியுங்கள். கணினியை வேறு பிரிவுக்கோ பழைய சாமான் கடைக்கோ அனுப்பும் முன் அந்த ஃபோல்டர், சாவிக் கோப்புகள், டவுன்லோட்ஸில் கிடக்கும் எக்ஸ்போர்ட் ஜிப் மூன்றையும் தேடி அழியுங்கள். ஹெய்டிஎஸ்கியூஎல் என்றால் ரெஜிஸ்ட்ரியில் உள்ள அதன் பதிவையும் சேர்த்து.